மண்டைக்குள் ஒரு நூற்றாண்டு – 23: சும்மா கிடந்த இழைகள்

தென்னேரியிலோ அதைச் சுற்றியுள்ள ஊர்களிலோ ஒருவருக்கு மூளையில் கட்டி என்றால், அது கண்டுபிடிக்கப்படும் வழி ஏறக்குறைய ஒரே மாதிரிதான். காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. முதலில் பித்தம் என்பார்கள். பிறகு கண் பவர் ஏறியிருக்கும் என்று கண்ணாடியை மாற்றிப் பார்ப்பார்கள். தறியில் உட்காருகிறவராக இருந்தால், ஒரு கை சொன்ன பேச்சு கேட்கவில்லை என்பது அவருக்கு முன்பே பக்கத்தில் இருக்கும் வீட்டுக்காரிக்குத் தெரிந்துவிடும். ஒருநாள் வலிப்பு வரும். வாலாஜாபாத், காஞ்சிபுரம், ஸ்கேன், அங்கிருந்து சென்னை ஜி.எச். அறுவை முடிந்து பயாப்சி சீட்டு கைக்கு வரும்போது அதில் ‘கிளியோபிளாஸ்டோமா, கிரேடு 4’ என்று ஒரு வரி இருக்கும். கதிர் சிகிச்சைக்குச் சிலர் சொந்த மாவட்டத்துக்கே, காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கே, திரும்பி வருவார்கள்.

அந்த ஒரு வரியை எழுத மருத்துவம் எத்தனை காலம் எடுத்துக்கொண்டது என்பதைக் கடந்த சில பகுதிகளில் பார்த்தோம். 1926இல் பெர்சிவல் பெய்லியும் ஹார்வி குஷிங்கும் மூளைக் கட்டிகளை வகை பிரித்தார்கள். 1928இல் வால்ட்டர் டாண்டி மூளையின் வலது பாதியையே எடுத்துப் பார்த்தார்; அப்படியும் இந்தக் கட்டி அடங்கவில்லை. நம் பக்கத்தில் 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி, அடுத்த ஆண்டே சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி என்று மூளை அறுவை வேரூன்றியது. காஞ்சிபுரத்துக்காரருக்கு மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று என்று இரண்டு வாசல்கள் திறந்தன.

வாசல்கள் திறந்தாலும் இந்த ஒரு நோயில் முடிவு மாறவில்லை. 2005இல் ரோஜர் ஸ்டுப் தலைமையில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வுதான் இன்றைக்கும் உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் சிகிச்சை முறையைத் தந்தது. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம், மொத்தம் 60 கிரே கதிர். கூடவே டெமோசோலோமைடு மாத்திரை. கதிர் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம். மாத்திரையும் சேர்ந்தவர்களுக்கு 14.6 மாதம். முகத்தோடு ஒட்டிய வலை முகமூடியை மாட்டி, மேசையோடு தலையை இறுக்கி, முப்பது நாள் படுத்து எழுந்தவர்களுக்கு மாத்திரையால் கூடியது இரண்டரை மாதம். இரண்டு ஆண்டு தாண்டியவர்களின் பங்கு பத்தில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றாக உயர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் அதைச் சாதனை என்கிறோம். ஆனாலும், கண்ணுக்குத் தெரிந்த கட்டி முழுவதையும் எடுத்த பிறகும் அது ஏன் திரும்பி வருகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய கதையில் எதிர்பாராத ஒரு பாத்திரம் இந்தப் பகுதியில் நுழைகிறது. அதன் பெயர் ஆர்.என்.ஏ.

1968ஐ காஞ்சிபுரம் மறக்காது. அந்த ஆண்டு செப்டம்பரில் அண்ணா நியூயார்க் புற்றுநோய் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டார், உணவுக்குழாயில் புற்று. 1969 பிப்ரவரி 3ஆம் தேதி அவர் மறைந்தார். காரப்பேட்டை மருத்துவமனை அவர் பெயரைச் சுமந்து நிற்பது அதனால்தான். அதே 1968 அக்டோபரில் மருத்துவ நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அதைப் பெற்ற மூவரில் ஒருவர் ஹர் கோவிந்த் குரானா, பஞ்சாபின் முல்தான் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். உயிரணுவுக்குள் ஆர்.என்.ஏ. எழுத்துகள் மூன்று மூன்றாகப் படிக்கப்பட்டுப் புரதமாகின்றன என்பதைச் சோதனைக் குழாயில் எழுத்தெழுத்தாக நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். நோபல் குழு அன்று பாராட்டிய விஷயத்துக்கும் நியூயார்க்கில் ஒரு முதலமைச்சர் படுத்திருந்த படுக்கைக்கும் நடுவே எத்தனை தூரம் இருந்தது என்பதை அப்போது யாரும் அளந்திருக்க முடியாது. புற்றுநோயை அன்று பெரும்பாலும் கத்தியாலும் கதிராலும்தான் தொட முடிந்தது.

குரானா காலத்தில் ஆர்.என்.ஏ.வுக்கு இருந்த மரியாதை தூதன் வேலைக்கான மரியாதை. காஞ்சிபுரத்தாருக்கு இதை விளக்குவது சுலபம். புடவையின் டிசைனை ஒருவர் கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரைகிறார். தாள் தறிக்கு வருவதில்லை. அதைப் பார்த்து அட்டைகளில் துளை குத்துகிறார்கள். அட்டைகளைக் கோத்துத் தறியின் தலையில் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டுகிறார்கள். மிதி ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை திரும்பும். துளை இருக்கும் இடத்தில் பாவு இழை மேலே எழும். இல்லாத இடத்தில் எழாது. டிசைன் தாள் டி.என்.ஏ. என்றால் அட்டைதான் தூது ஆர்.என்.ஏ.; ஓடியபிறகு விழும் பூவும் கொடியும் புரதம். எல்லா உயிரணுவிலும் தாள் ஒன்றுதான். எந்த அட்டை மாட்டப்பட்டிருக்கிறது என்பதில்தான் மூளை அணுவுக்கும் ஈரல் அணுவுக்கும் வித்தியாசம்.

புற்றுநோய் என்றால் தாளிலேயே பிழை விழுவது என்றுதான் 1970களிலும் 80களிலும் நினைத்தார்கள். அதில் தவறில்லை. ஆனால் அட்டை சரியாகக் குத்தப்பட்டு, தறிக்கும் வந்து சேர்ந்த பிறகு, நடுவில் ஒருவர் அதை உருவிக் கிழித்துப் போட முடியும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அந்த ‘ஒருவர்’ இருப்பதைக் காட்டியது மண்புழு இனத்தில் சேராத, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சிறிய உருளைப்புழு. சிட்னி பிரென்னர் ஆராய்ச்சிக்கென்று தேர்ந்தெடுத்த அந்தப் புழுவில், வளர்ச்சி குழம்பிப்போன வகைகளை விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் தனித்தனியே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு வகையின் குழப்பத்துக்குக் காரணமான மரபணுவை ஆம்ப்ரோஸ் பிடித்தபோது அது எந்தப் புரதத்தையும் செய்யவில்லை. அதிலிருந்து வந்தது 22 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு ஆர்.என்.ஏ., அவ்வளவுதான். இருவரும் தங்கள் முடிவுகளை ஒப்பிட்டுப் பார்த்து, 1993இல் வெளியிட்டார்கள். அந்தத் துண்டின் எழுத்துகள் வேறொரு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வில் பொருந்தி உட்கார்ந்தன. உட்கார்ந்ததும் அந்த அட்டை ஓடவில்லை.

ஏழு ஆண்டுகள் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புழுவுக்கு மட்டும் உரிய விசித்திரம் என்று விட்டுவிட்டார்கள். 2000இல் ருவ்குன் இரண்டாவதாக ஒன்றைக் கண்டார். அது ஈயிலும் மீனிலும் மனிதனிலும் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர் வைத்துத் தேட ஆரம்பித்தார்கள். அதே சமயம் மனித மரபுத் தொகுப்பும் படிக்கப்பட்டு முடிந்தது. புரதம் செய்யும் பகுதி நூற்றில் இரண்டுக்கும் குறைவு. மீதிக்கு ‘குப்பை’ என்று முன்பே பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் குப்பையிலிருந்துதான் ஆயிரக்கணக்கான ஆர்.என்.ஏ. இழைகள் வந்துகொண்டிருந்தன. ஆம்ப்ரோஸுக்கும் ருவ்குனுக்கும் நோபல் 2024இல் கிடைத்தது; கண்டுபிடித்து முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து.

மூளைக் கட்டிக்கு வருவோம். 2005 இந்த நோயின் வரலாற்றில் இரட்டை ஆண்டு. ஸ்டுப் தன் மாத்திரை ஆய்வை வெளியிட்ட அதே ஆண்டில், பாஸ்டனில் ஜெனிஃபர் சான், அன்னா கிரிச்செவ்ஸ்கி, கென்னத் கோசிக் மூவரும் கிளியோபிளாஸ்டோமா அணுக்களில் மிர்-21 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. அளவுக்கு மீறி இருப்பதைக் கண்டார்கள். அதை அடக்கிப் பார்த்தார்கள். அணுக்கள் தாமாகவே செத்தன. உடம்பில் பழுதான ஒவ்வோர் அணுவுக்கும் தன்னை முடித்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு; அந்த ஏற்பாட்டின் அட்டைகளை மிர்-21 உருவிக்கொண்டிருந்தது என்று இதற்குப் பொருள். அதே ஆண்டு ரோமிலிருந்து வந்த ஆய்வு மிர்-221 என்ற இன்னொன்றும் இந்தக் கட்டியில் எக்கச்சக்கமாக இருப்பதைச் சொன்னது. புரதமே செய்யாத ஒரு துணுக்கு மூளையின் மிகக் கொடிய கட்டியை உயிரோடு வைத்திருக்கிறது என்பது அன்றைய புற்றுநோய் மருத்துவருக்கு எளிதில் நம்பக்கூடிய செய்தி இல்லை.

இனி பெங்களூருக்கு. இந்திய அறிவியல் கழகத்தில் நுண்ணுயிரியல், உயிரணு உயிரியல் துறைப் பேராசிரியர் குமாரவேல் சோமசுந்தரம். அவருடைய ஆய்வுக்கூடமும் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் நோய்க்குறியியல் நிபுணர் வாணி சந்தோஷும், நரம்பு அறுவை மருத்துவர்களும் சேர்ந்து நடத்திய வேலையை இந்தத் தொடரில் நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். வெளிநாட்டு வரலாறுகளில் இது ஓர் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. ஆனால் நம் நோயாளிகளின் கட்டிகளை நம் ஊரிலேயே படித்த வேலை இது.

அந்த வேலையின் முதல் எதிரி நேரம். ஆர்.என்.ஏ. பொல்லாத பொருள். டி.என்.ஏ. நூற்றாண்டுக் கணக்கில் எலும்பில் கிடந்தாலும் படிக்கலாம். ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகள் நம் விரல் நுனியிலேயே இருக்கின்றன. வியர்வை பட்டால் போச்சு. அறுவை மேசையில் மருத்துவர் கட்டியின் ஒரு துண்டை எடுத்த கணத்திலிருந்து கடிகாரம் ஓடும். கையுறை போட்ட ஒருவர் கதவருகே காத்திருந்து அந்தத் துண்டை வாங்கி, கழிவு ரத்தத்தை நீக்கி, பயறளவு துணுக்குகளாக்கி, சிறு குப்பிகளில் இட்டு, மைனஸ் 196 டிகிரியில் புகையும் திரவ நைட்ரஜனில் இறக்க வேண்டும். பிறகு மைனஸ் 80 பெட்டியில் அடுக்க வேண்டும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர். அடையாளத்துக்குக் குப்பியில் எண் மட்டும், பெயர் இருக்காது. அறுவைக்கு முன்பு படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த ஓர் ஆள் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிறார். தனக்கு இதனால் எந்தப் பலனும் வரப்போவதில்லை என்று தெரிந்தே சம்மதித்தவர். இந்த வரலாற்றில் பேராசிரியர்களுக்குச் சமமாக நான் வணங்குவது அந்தக் கையெழுத்துகளை.

மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு இங்கே ஒரு நல்ல குணம் உண்டு. 22 எழுத்தே இருப்பதால் அது அவ்வளவு சுலபமாக நொறுங்குவதில்லை. ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, நோய்க்குறியியல் துறையின் மர அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் கட்டித் துண்டிலிருந்துகூட அதைப் பிரித்தெடுத்து அளந்துவிடலாம். திரவ நைட்ரஜன் எட்டாத மருத்துவமனைகள் நிறைந்த நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்லத் தேவையில்லை.

2010இல் பெங்களூர்க் குழு, கிரேடு 3 கட்டிக்கும் கிரேடு 4 கட்டிக்கும் இடையே எந்தெந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் மாறுகின்றன என்ற பட்டியலை வெளியிட்டது. நுண்ணோக்கியில் இரண்டும் சில சமயம் கண்ணை ஏமாற்றும் என்பதால் இது வெறும் ஆர்வத்துக்கான பட்டியல் இல்லை. 2011இல் இன்னொரு படி மேலே போனார்கள். அமெரிக்கப் புற்றுநோய் மரபுத் தொகுப்புத் திட்டம் பொதுவில் வைத்திருந்த 222 நோயாளிகளின் தரவை எடுத்து, பாதியில் கணக்கைப் போட்டு, மறு பாதியில் சரிபார்த்தார்கள். பத்து மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் தேறின. மூன்று அதிகமாக இருந்தால் நோயாளி கூடுதல் காலம் இருக்கிறார். ஏழு அதிகமாக இருந்தால் சீக்கிரம் போகிறார். அந்த ஏழில் மிர்-221ம் அதன் உடன்பிறப்பான மிர்-222ம் இருந்தன. ரோமில் ஆறு ஆண்டுக்கு முன்பு கண்ணில் பட்ட அதே ஆள்.

2013இல் வந்த ஆய்வை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். மிர்-219 என்பது ஆரோக்கியமான மூளையில் நரம்புக்கு உறை போடும் அணுக்கள் முதிர்ச்சி அடைய உதவுவது. கிளியோபிளாஸ்டோமாவில் அது வற்றிப்போயிருந்தது. அது இருந்தால் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற வளர்ச்சி ஏற்பியின் அட்டையை மறித்திருக்கும் என்று சோமசுந்தரம் குழு காட்டியது. ஈ.ஜி.எஃப்.ஆர். இந்தக் கட்டியின் முதன்மையான முடுக்கிகளில் ஒன்று. ஆக, கூடிப்போவதால் கெடுக்கும் ஆர்.என்.ஏ. உண்டு, குறைந்துபோவதால் கெடுக்கும் ஆர்.என்.ஏ.வும் உண்டு. முன்னதை அடக்க வேண்டும், பின்னதைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மருந்து தேடுகிறவருக்கு இவை இரண்டும் வேறு வேறு வேலைகள்.

நீண்ட ஆர்.என்.ஏ.க்களின் கதை தனி. 2007இல் ஜான் ரின், ஹோவர்டு சாங் கண்ட ஹோட்டேர் இரண்டாயிரம் எழுத்துக்கு மேல் நீளம். எந்தப் புரதமும் செய்யாமல், வேறு மரபணுக்களை மூடி வைக்கும் புரதங்களை இடம் பார்த்து அழைத்துப் போவது அதன் தொழில். 2013இல் அது மூளைக் கட்டியிலும் கூடியிருப்பது தெரிந்தது. 2018இல் பெங்களூர்க் குழு இத்தகைய நீண்ட இழைகள் கிளியோபிளாஸ்டோமாவில் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன என்று ஒரு வரைபடமே போட்டது. இந்தப் பகுதியில் அறிவு இன்னும் பிஞ்சு நிலையில்தான் இருக்கிறது. பெயர்கள் பெருகும் வேகத்தில் விளக்கங்கள் வரவில்லை.

கட்டி இந்த இழைகளைத் தன்னோடு வைத்துக்கொள்வதும் இல்லை. 2008இல் பாஸ்டனில் யோஹான் ஸ்கோக், ஸாண்ட்ரா பிரேக்ஃபீல்டு குழு, கிளியோபிளாஸ்டோமா அணுக்கள் நுண்ணிய கொழுப்புப் பொதிகளில் ஆர்.என்.ஏ.வைக் கட்டி வெளியே அனுப்புவதைக் கண்டது. பக்கத்து ரத்தக்குழாய் அணு அந்தப் பொதியை விழுங்கி, அதிலிருக்கும் உத்தரவைத் தன் உத்தரவாக எடுத்துக்கொண்டு கிளைவிடத் தொடங்கியது. கட்டி தனக்கான ரத்த ஓட்டத்தை இப்படியும் வரவழைத்துக்கொள்கிறது. அந்தப் பொதிகள் ரத்தத்திலும் மிதந்தன. 25 நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது ஏழு பேரிடம் ஈ.ஜி.எஃப்.ஆரின் திரிந்த வடிவத்துக்கான ஆர்.என்.ஏ. சிக்கியது. மண்டையைத் திறக்காமல், கையில் ஊசி குத்தி, மூளைக் கட்டியின் குணத்தைப் படிக்கலாம் என்ற நம்பிக்கை அங்கே பிறந்தது. அது இன்னும் அன்றாடப் பரிசோதனை ஆகவில்லை.

கட்டி ஏன் திரும்பி வருகிறது என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்த நேரடியான பதில் 2014இல் வந்தது. அனூப் பட்டேல் உள்ளிட்ட குழு ஐந்து நோயாளிகளின் கட்டிகளிலிருந்து 430 அணுக்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஆர்.என்.ஏ.வையும் தனியாகப் படித்தது. அதற்கு முன்பு கட்டித் துண்டை மொத்தமாக அரைத்துச் சராசரி பார்ப்பார்கள். 2010இல் ரோயல் வெர்ஹாக் குழு கிளியோபிளாஸ்டோமாவை நான்கு வகையாகப் பிரித்ததும் அப்படித்தான்: உங்கள் கட்டி இந்த வகை, அவருடையது அந்த வகை. 430 அணுக்கள் அந்த நிம்மதியைக் கெடுத்தன. ஒரே ஆளின் ஒரே கட்டிக்குள் பல வகைகளும் அருகருகே இருந்தன. ஒரு மருந்து ஒரு கூட்டத்தைக் கொன்றால் இன்னொரு கூட்டம் மிச்சம். 2019இல் வந்த அடுத்த பெரிய ஆய்வு, அணுக்கள் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளவும் முடியும் என்றது. டி.என்.ஏ. மாறத் தேவையில்லை, ஆர்.என்.ஏ. மாறினால் போதும். பெய்லி 1926இல் நுண்ணோக்கியில் பார்த்து, ஒரே கட்டிக்குள் இத்தனை உருவங்களா என்று எழுதி வைத்ததற்கு எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, அந்த 430 அணுக்களிலிருந்து வரத் தொடங்கிய விளக்கம் இது.

காரப்பேட்டையில் கதிர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு இதனால் என்ன? நேர்மையாகச் சொன்னால், இன்றைய தேதியில் மைக்ரோ ஆர்.என்.ஏ. அளவைப் பார்த்து யாரும் சிகிச்சையை மாற்றுவதில்லை. பயாப்சித் துண்டில் ஐ.டி.எச். மரபணு திரிந்திருக்கிறதா, எம்.ஜி.எம்.டி. என்ற பழுதுபார்க்கும் மரபணு பூட்டப்பட்டிருக்கிறதா என்ற இரண்டு பரிசோதனைகள் கட்டாயம் கேட்க வேண்டியவை. எம்.ஜி.எம்.டி. திறந்திருந்தால் டெமோசோலோமைடு செய்யும் சேதத்தைக் கட்டி உடனுக்குடன் சரிசெய்துகொள்ளும். மிர்-181டி என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. அந்த அட்டையை மறிக்கிறது என்பது 2012இல் தெரிந்தது. ஒரே பரிசோதனை முடிவோடு வந்த இருவரில் ஒருவருக்கு மட்டும் மாத்திரை கேட்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். இந்த அளவுக்காவது மருத்துவர் குடும்பத்தை உட்காரவைத்துத் தமிழில் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. ‘நான்காம் கிரேடு’ என்ற ஒற்றைச் சொல்லோடு வீட்டுக்கு அனுப்புவது போதாது.

ஆர்.என்.ஏ.வையே மருந்தாக்கும் முயற்சி சுலபமாக நடக்கவில்லை. மிர்-34 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் நகலைப் பல வகைப் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்திய ஆய்வு, நோய் எதிர்ப்பு மண்டலம் கடுமையாகக் கொந்தளித்ததால் 2016இல் நிறுத்தப்பட்டது. 2024 மே மாதம் புளோரிடா பல்கலைக்கழகத்தில் எலியாஸ் சாயூர் குழு, நோயாளியின் கட்டியிலிருந்தே தூது ஆர்.என்.ஏ.வை எடுத்து, கொழுப்பு அடுக்குகளில் சுற்றி, தடுப்பூசியாக நான்கு பேருக்குப் போட்ட ஆய்வை வெளியிட்டது. எதிர்ப்பு மண்டலம் சில மணி நேரத்திலேயே விழித்தது. நான்கு பேர் என்பது நான்கு பேர்தான். அதற்கு மேல் இப்போது எதுவும் சொல்லக்கூடாது.

எனக்கு அதைவிட ஆர்வம் தருவது அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பிரியா கும்தேகர் குழு செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வு. கட்டி திரும்பி வந்த எட்டு நோயாளிகள். தங்க நுண்துகள் ஒன்றைச் சுற்றி, கட்டியின் ஒரு மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ. இழைகளைப் பூவிதழ் போல் நட்டு, அதைக் கை நரம்பில் ஏற்றினார்கள். பிறகு அறுவை செய்து கட்டியை எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே தங்கம் இருந்தது. மரபணுவின் புரதமும் குறைந்திருந்தது. யாரும் குணமாகவில்லை, அது அந்த ஆய்வின் நோக்கமும் இல்லை. கையில் ஏற்றிய ஆர்.என்.ஏ. மூளைக்குள் இருக்கும் கட்டியைப் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி. சேர்ந்தது.

சேர்வது ஏன் அவ்வளவு கடினம்? 1885இல் பால் எர்லிக் விலங்கின் ரத்தத்தில் சாயத்தை ஏற்றியபோது உடம்பின் எல்லா உறுப்பும் நிறம் மாறின, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள அந்த மதிலைப் பற்றி அடுத்த பகுதியில்.

(தொடரும்)